திங்கட்கிழமைச் சேணங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்த நேரத்தில், சலோமியின் கொட்டகைக்குள் பூட்டி வைத்திருந்த ஆறு பொம்மைக் குதிரைகளின் மேலும் யாரோ ஏறிச் சவாரி போய்விட்டு வந்திருந்தார்கள் என்பது திங்கட்கிழமை காலையில் அவள் பூட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, தெரிந்ததும் அவள் பயப்படவில்லை, ஜெபம் பண்ணவில்லை, பாஸ்டருக்கு ஆள் அனுப்பவில்லை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "எவன்டா அது, என்னைக் கேக்காம என் சரக்குல ஏறினவன்?" என்றுதான் கத்தினாள்.

சரக்கு என்பது உள்ளங்கையில் அடங்கும் சேணம். ஒரு சாண் உயரக் குதிரைப் பொம்மைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி அழகு பார்க்கிறவர்கள் கடல் தாண்டிய ஊர்களில் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் புதுச் சேணம் வேண்டாம், ஒருத்தன் இருபது வருஷம் உட்கார்ந்து எழுந்த சேணம்தான் வேண்டும், தொடை உரசி மினுங்கிய இடம் வேண்டும், வியர்வை உப்புப் பூத்த கோடு வேண்டும், இழுத்து இழுத்து நீண்டுபோன வார் ஓட்டை வேண்டும், கால் நுழைக்கும் அங்கவடியில் துரு வேண்டும். அதையெல்லாம் ஆம்பூர் ஷூ கம்பெனிகள் கழித்துப் போடும் தோல் துண்டில் செய்து தருகிறவள் சலோமி. பதினேழு வயதில் மிஷின் தையலுக்குப் போனவள், பத்தொன்பதில் தோல் தொட்டிப் படியில் விழுந்து வலது கணுக்கால் கோணலாகச் சேர்ந்ததால் அன்றிலிருந்து இடது பக்கம் சாய்ந்தே நடக்கிறவள், படித்ததெல்லாம் ஏமாந்து படித்தது. நல்ல தோலுக்கு நடுவே அழுகல் தோலை மடித்து வைத்து மூட்டை கட்டிக் கொடுத்தான் ஒரு வியாபாரி. அவள் வெட்டி வைத்திருந்த அளவு அட்டைகளை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய்ப் பேரணாம்பட்டில் இன்னொருத்தனிடம் கொடுத்து அதே சேணத்தைத் தைக்க வைத்தான் ஒரு ஏஜென்ட். அதற்குப் பிறகு சலோமி எந்த மூட்டையைப் பிரித்தாலும் தோலின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை, மனுஷர்களையும் ஏறக்குறைய அப்படித்தான்.

கடித்துப் பார்க்காமல் அவள் நம்பிய ஒரே ஆள் ஜெரினா. கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே நாளில் வேலையை விட்டவர்கள். சலோமி தைப்பாள், ஜெரினா பழசாக்குவாள். டீத்தூள் கஷாயத்தில் முக்குவாள், புளிக்கரைசலில் தேய்ப்பாள், வெயிலில் போட்டு விரலால் மடித்து மடித்து விரிசல் விடுவாள், காலையில் பிறந்த சேணம் சாயங்காலத்துக்குள் கிழடு தட்டிவிடும். தண்ணீர்க் குடம் சுமந்து சுமந்து ஜெரினாவுக்கு வலது பக்கம் சாய்ந்த நடை. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால், எப்போதும் சலோமியின் இடது கைப்பக்கம்தான் ஜெரினா வருவாள், பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு உடம்பும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கூரை மாதிரித் தெரியும்.

"ஜெரினா, இது உன் வேலையா?"

ஜெரினா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு சேணமாக எடுத்துப் பார்த்தாள். "நான் பண்ணா பார்க்க லட்சணமா இருக்கும். இது நெஜமாவே உழைச்சது. இத பாரு, எவனோ போற வழியெல்லாம் நகத்தால சொரண்டிக்கினே போயிருக்கான். இதெல்லாம் எனக்குத் தோணுமா?"

குதிரைகளின் குளம்பு இடுக்கில் ஈரமண் இருந்தது, ஒன்றின் பல்லிடுக்கில் புல் இருந்தது. சலோமி அன்றைக்கே புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டு வந்திருந்தார்கள். ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி அடித்தாள், போய்விட்டு வந்திருந்தார்கள். கொட்டகை வாசலில் அவளே பாய் போட்டுப் படுத்தாள், கண் அசந்த அரை மணியில் போய்விட்டு வந்திருந்தார்கள். இதற்குள் விஷயம் தெருவைத் தாண்டி ரயில்வே கேட்டையும் தாண்டிவிட்டது. உள்ளங்கை அளவு சேணத்தில் முழு மனுஷன் எப்படி உட்காருவான் என்று வெளியூர்க்காரன் ஒருத்தன் கேட்டதற்கு, செக்கிங் மேஸ்திரி தீர்த்தகிரி, "ஞாயித்துக்கிழம பிரியாணி தின்னுட்டுப் படுத்தவன் தூக்கத்துல எம்மாம் பெருசா இருப்பான்னு நீ அளந்து பார்த்தியா?" என்று திருப்பிக் கேட்டார், அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை. ஊருக்குக் கேள்வி அது இல்லை. போனது யார் என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்லக்கூடியவர்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். தேய்ந்த தோலைக் கண்டால் ஆளைச் சொல்கிற ஊர் அது, அதிலும் தீர்த்தகிரி முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் திரும்பி வந்த ஜோடிகளைப் புரட்டிப் பார்த்து, "இவன் மாமியார் வீட்டோட இருக்கிறவன், சத்தம் வராம நடக்கிறான்" என்று அடித்தட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள். திங்கட்கிழமை காலையில் அவர் சலோமியின் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சேணத்தைக் கையில் எடுத்தால், தெரு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். "வலது பக்கம் சாயுறான். குதிகால் அழுத்துறான். பயந்த ஆளு." அவ்வளவுதான், கூட்டத்தில் பத்துப் பேர் தங்கள் கால்களைப் பார்த்துக்கொள்வார்கள், மீதிப் பேர் அந்தப் பத்துப் பேரைப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதத்தில் ஊர் நடப்பதே மாறிப்போயிற்று. பள்ளிவாசல் வாசலிலும் சர்ச் வாசலிலும் செருப்பை விடுவதை நிறுத்தி, மஞ்சள் பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொழுதார்கள், ஜெபித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே காப்பி குடித்து முடிப்பதற்குள் வாசலில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிறவர் தேய்ந்த பக்கத்துக்குச் சமமாகத் தேயாத பக்கத்தையும் சீவிக் கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். சாய்ந்து நடந்தவர்கள் நிமிர்ந்து நடக்கப் பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரப் புருஷனின் செருப்பையும் ஒரு சேணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுக்கு இன்னா சொல்ற?" என்று ஒருத்தி கேட்க, அவன், "சத்தியமா குதிரைல போகல, சைக்கிள்ல போய்ப் பிரியாணி தின்னுட்டு வந்தேன்" என்று அழுதான். இன்னொருத்தன் யாரும் கேட்காமலேயே, தங்கச்சியின் கல்யாணத்தை மொட்டைக் கடிதாசு எழுதிக் கலைத்தது தான்தான் என்று நடுத்தெருவில் ஒப்புக்கொண்டான். சவாரி போனதாக மட்டும் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாபகம் இருந்தால்தானே ஒப்புக்கொள்ள.

"யார் போனாங்கன்னு எல்லாரும் கேக்குறீங்க," என்றாள் ஜெரினா ஒருநாள், டீக்கஷாயத்தைக் கலக்கிக்கொண்டே. "எங்க போறாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

சலோமி தையலிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஜெரினா சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் சலோமியின் மூளையில் ஏமாந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்தன.

ஏனென்றால் ஆறு சேணங்களில் ஒன்று மற்ற ஐந்தைப் போல இல்லை. ஐந்தில் போகிறவர்கள் காற்று வாங்கப் போகிறவர்களைப் போலப் பக்கத்தில் எங்கேயோ போய்விட்டு வருகிறார்கள். கதவோரக் கருப்புக் குதிரையில் போகிற ஆள் மட்டும் ஒவ்வொரு வாரமும் அடித்துப் பிடித்து வெகுதூரம் போய்விட்டு வருகிற ஆள், கடிவாளத்தைப் பிய்ந்துபோகிற அளவுக்கு இழுக்கிற ஆள், கோபக்கார ஆள். அந்தச் சேணத்தில் படிந்திருந்தது ஆம்பூர்ப் புழுதி இல்லை, செம்மண். பேரணாம்பட்டுப் பக்கத்துச் செம்மண் என்றாள் சலோமி. பேரணாம்பட்டு என்று வாய் சொன்னதும், மனசு அளவு அட்டைகள் இருந்த டிரங்குப் பெட்டிக்கு ஓடிற்று. எல்லா அட்டையும் இருந்தது. இருந்தால் என்ன, பார்த்து வரைந்துகொண்டு போகிறவளுக்கு அட்டை எதற்கு?

போதாததற்கு, வாங்குகிறவர்களிடமிருந்து தகவல் வந்தது, இப்போது வரும் சேணங்களைப் போல உயிருள்ள பழசை இதற்கு முன் பார்த்ததில்லை, இனி இந்த மாதிரியே அனுப்புங்கள் என்று. அப்படியென்றால் ஜெரினாவின் டீக்கஷாயத்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் போகப்போகிறவள் வேறு இடம் தேட மாட்டாளா? சலோமி அந்த இடத்தில் இருந்தால் தேடியிருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை கருப்புக் குதிரையின் சேணத்தை அவளே கொண்டுபோய்த் தீர்த்தகிரியின் கையில் கொடுத்தாள். அவர் உற்றுப் பார்த்தார், விரலால் தடவினார், தொண்டையைக் கனைத்தார். "பொம்பள. வலது பக்கம் சாயுற பொம்பள. பல வருஷச் சாய்வு." பெயர் சொல்லவில்லை. தெரு முழுக்க ஜெரினாவைப் பார்த்தது.

சலோமி கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டாள். "பேரணாம்பட்டுல யாருகிட்டடி போற? என் அட்டைய எவனுக்குடி காட்டுற?"

ஜெரினா கையிலிருந்த புளிக்கரைசலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இருவது வருஷம் ஒரே தட்டுல தின்னோம்," என்றாள். "என் காலு எப்படின்னு உனக்கு மேஸ்திரி வந்து சொல்லணுமா?" காலிலிருந்த செருப்பைக் கழற்றிச் சலோமியின் மிஷின் மேல் வைத்தாள். "இந்தா, வச்சு அளந்து பாரு. நல்லா அளந்து பாரு." வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனாள். வலது பக்கம் சாய்ந்து நடந்து போனாள், கூரையின் ஒரு பக்கம் மட்டும் தனியாகப் போவது போலப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கருப்புக் குதிரை செம்மண்ணோடு வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அதோடு சந்தேகத்தை விட்டிருப்பார்கள், சலோமி விடவில்லை. பூட்டு தடுக்காதவளை வேலையை விட்டு நின்றதா தடுத்துவிடும், வீட்டில் படுத்தபடியே வந்துபோகிறாள் என்று மனசுக்குள் சாதித்தாள். ஆனால் கொட்டகையில் தைக்கிற சத்தத்துக்குப் பதில் பேச ஆள் இல்லை. தோல் மூட்டைக்காரனிடம் கத்தினாள், பார்சல் கட்டுகிற பெண்ணிடம் கத்தினாள், சுத்தியலைச் சுவரில் எறிந்தாள், எறிந்ததைத் தானே போய் எடுத்தாள். ஜெரினாவின் செருப்பு மிஷின் மேலேயே இருந்தது. அளந்து பார்க்கவில்லை. அளந்தால் பொருந்திவிடும் என்று பயமா, பொருந்தாமல் போய்விடும் என்று பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை காலையில் கவுஸ் பாய் வந்தார். கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை ஏறும் வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர், ஆம்பூரில் நிஜக் குதிரைச் சவாரி தெரிந்த ஒரே ஆள், அதனாலேயே செருப்புக் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள். அறுந்துபோன கடிவாளத்தைத் தைத்துத் தரச் சொல்லி நீட்டினார்.

"நான் பொம்மைக்குத்தான் தைக்கிறது பாய். பெருசுக்கெல்லாம் ஊசி உடையும்."

"தையல் ஒண்ணுதானம்மா. மாப்பிள்ளையும் ஒருநாள் பொம்மைதான."

சலோமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவள் தைத்துக்கொண்டிருந்தபோது பாய் கதவோரம் நின்ற கருப்புக் குதிரையைப் பார்த்தார், சேணத்தை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார், உச்சுக்கொட்டினார். "யாரும்மா இது, இந்த அடி அடிக்கிறது? இடது பக்கமே சாஞ்சு சாஞ்சு பாவம் குதிரைக்கு முதுகு புண்ணாயிரும்."

"வலது பக்கம்," என்றாள் சலோமி.

"இடது பக்கம்."

"மேஸ்திரி பார்த்துச் சொன்னாரு பாய், வலதுன்னு. நானும் பார்த்தேன்."

கவுஸ் பாய் அவளையும் சேணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, செருப்பைத்தான் கவுத்துப் பார்ப்பாங்க. சேணத்தை யாரு கவுத்தா? ஏறினவன் இப்படித்தான உட்காருவான்?" என்று சேணத்தைக் கருப்புக் குதிரை மேல் வைத்து, இரண்டு விரலைக் கால்களாக்கி அதன் மேல் உட்கார வைத்துக் காட்டினார். விரல்கள் இடது பக்கம் சாய்ந்தன.

சலோமியின் கையில் ஊசி நின்றது. தேய்மானம் பார்க்கிறவர்கள் செருப்பைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள், கவிழ்த்தபின் கையில் இடதாகத் தெரிவது காலுக்கு வலது. முப்பது வருஷமாக அந்த ஊர் மனசுக்குள் பக்கத்தை மாற்றி மாற்றிப் படித்துப் பழகி, அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால், கவிழ்க்காத சேணத்தையும் மாற்றியே படித்திருக்கிறது. தீர்த்தகிரி மாற்றிப் படித்தார், தெரு மாற்றிப் படித்தது, அவளும் மாற்றித்தான் படித்தாள். இரண்டு மாதத்துத் திங்கட்கிழமைகள் எல்லாம் தலைகீழ். பிடிபட்டவர்கள் யாரும் போகவில்லை, பிடித்தவர்கள்தான் போயிருக்கிறார்கள்.

பாய் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெரினாவின் செருப்பைக் கருப்புக் குதிரையின் சேணத்தோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. பிறகு தன் காலிலிருந்ததைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் உள்ள ஒவ்வொரு குழியும், கோபத்தில் குதிகாலை ஊன்றுகிற இடமும், பேரம் படியாதபோது காலால் தரையைத் தேய்க்கிற இடமும் அங்கே இருந்தன.

ஊர் அதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. கவுஸ் பாய் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனதில் மறுநாளே விஷயம் பரவி, திட்டியவர்கள் திட்டுவாங்கியவர்கள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள், தீர்த்தகிரி ஸ்டூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவர் வெளியே வரவில்லை, செருப்புகள் மறுபடி வாசலுக்கு வந்தன. பிரியாணி தின்றவனும் மொட்டைக் கடிதாசு எழுதினவனும் மட்டும் ஒப்புக்கொண்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமல் திண்டாடினார்கள். ஆனால் சலோமிக்குச் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கத்தில் எழுந்து செம்மண் பூமிக்குப் போகிறவள் தானே என்றால், அங்கே யாரைப் பார்க்கிறாள், என்ன பேசுகிறாள், எதை விற்றுவிட்டு வருகிறாள்? கண்ணாடியில் தன் முகத்தை, மூட்டைக்குள் அழுகல் தோல் வைத்தவனின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டிரங்குப் பெட்டிச் சாவியை ஒளித்து வைத்தாள், ஒளித்த இடம் தனக்கே தெரிகிறதே என்று எரிச்சல்பட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஜெரினாவின் வீட்டுக்குப் போனாள். ஜெரினா கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, போலீஸக் கூட்டினு வந்தியா?"

"செருப்பு கொண்டாந்தேன்."

"அளந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாராம்?"

வாழ்க்கையில் எந்தப் பேரத்திலும் முதலில் இறங்கிவராதவள் சலோமி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "நான்தான்," என்றாள்.

ஜெரினா முறத்தைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. "எங்க போற நீ?"

"தெரியல. செம்மண்ணா கீது." சலோமி இடுப்பிலிருந்த துணி மூட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவிழ்க்காமலே ஜெரினாவுக்குத் தெரிந்தது, இருபது வருஷத்து அளவு அட்டைகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. "இத நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத. ஞாயித்துக்கிழமை நான் எவன்கிட்ட போய் இன்னா பண்றேனோ, எனக்கே தெரியல. என்னை நம்ப முடியாது."

"இத்தினி வருஷமா நானும் அதத்தான் சொல்லினு கீறேன்," என்றாள் ஜெரினா. மூட்டையை இழுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். காலால் துழாவிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வேலைக்கு வரேன். ஆனா எனக்கும் ஒரு சேணம் வைக்கணும். நீ எடுத்துக் குடுக்கிறது வேணாம், நானே எடுத்துக்குவேன். நீ எங்கதான் போறன்னு கூட வந்து பார்க்கிறேன்."

"கூட வந்தா நம்புவியா?"

"நம்பறதுக்கா வரேன்? சந்தேகத்துக்கு வரேன்."

சலோமி வாய் தவறிக்கூட அதில் பேரம் பேசவில்லை.

அன்று சாயங்காலம் கருப்புக் குதிரைக்குப் பக்கத்தில் செவலைக் குதிரையை நிறுத்தி, ஜெரினா தேர்ந்தெடுத்த சேணத்தைக் கட்டிவிட்டுப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் தின்றார்கள், அவரவர் வீட்டில் படுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேருமாகக் கதவைத் திறந்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கவிழ்க்காமல், நேராக வைத்துப் பார்த்தார்கள். கருப்புக் குதிரையின் இடது அங்கவடியிலும் செவலையின் வலது அங்கவடியிலும் ஒன்றோடொன்று உரசிய புதுக் கீறல் இருந்தது, வழி முழுக்க உரசியிருக்க வேண்டும், ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. கருப்புக் குதிரையின் கடிவாளம் இந்த வாரம் பிய்ந்திருக்கவில்லை. ஆனால் செம்மண் அதன் மேல்தான் கனமாகப் படிந்திருந்தது. செவலையின் மேல் லேசாகத்தான் இருந்தது. பின்னால் வருகிறவர்கள் மேல்தானே தூசி அதிகம் விழும்.

சலோமியின் கண் சுருங்கிற்று. "அரைக் குதிரை நீளம் என்னை விட்டுட்டு முன்னாடி போயிருக்க. இன்னாடி அவசரம் உனக்கு?"

"முன்னாடி போனாத்தான திரும்பி உன் மூஞ்சியப் பார்க்க முடியும்," என்றாள் ஜெரினா. "பின்னாடி வந்தா முதுகுதான தெரியும்."

சலோமி ஜெரினாவின் சேணத்தைக் கையில் எடுத்தாள். பழக்கத்தில் அதன் ஓரம் பல்லுக்குக் கிட்டத்தில் போய்விட்டது. ஜெரினா பார்த்துக்கொண்டே நின்றாள். சலோமி அதைக் கடிக்காமல் இறக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்து, பார்சலுக்கு வைத்திருந்த பெட்டியில் போடாமல் கருப்புச் சேணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"அடுத்த வாரம் நான் முன்னாடி," என்றாள்.